வாயைக் கட்டுவது யாருக்காக?

ஓலைத்தொடுவாயில் சுகாதாரத் தொண்டர் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்தோம். அதில் பன்னிரண்டு நோய்களின் பெயர்கள் இருந்தன. எந்த எந்த நோயாளியிடம் போகும்போது முகக்கவசம் அணிவீர்கள் என்று அடையாளமிடச் சொன்னோம். பலர் பன்னிரண்டுக்கும் அடையாளமிட்டிருந்தனர். நெருப்புக்காய்ச்சலுக்கும் கவசம், எலிக்காய்ச்சலுக்கும் கவசம், மலேரியாவுக்கும் கவசம்! 2020இல் கொரோனா வந்தபோது படலையைத் தாண்டினாலே கவசம் என்று பழகியவர்கள் அவர்கள்; குறை சொல்ல முடியாது. ஆனால் எதற்கென்று அறியாமல் அணிபவர், கட்டாயம் வேண்டிய இடத்தில் கழற்றிவிடவும் கூடும். எமது பயிற்சியிலும் அப்படித்தான் நடந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

நெருப்புக்காய்ச்சல் அழுக்கான தண்ணீராலும் உணவாலும் வருகிறது. எலிக்காய்ச்சல் வயற்சேற்றில் கலந்த எலியின் சிறுநீரிலிருந்து, காலிலுள்ள கீறல் வழியே ஏறுகிறது. மலேரியாவைக் கொண்டுவருவது நுளம்பு. இலங்கையில் மலேரியா ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்று வழங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் புதிய மலேரியா நுளம்பு எமது மன்னார்த் தீவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கிணற்றை வலையால் மூடவேண்டும், அல்லது கிணற்றில் மீன் விடவேண்டும். மூக்கை மூடுவதால் பயனில்லை.

மூச்சோடு வருபவை வேறு: காசநோய், சின்னமுத்து, கொப்புளிப்பான், குக்கல், கொரோனா. இவற்றுள் காசநோயைப் பற்றியே இங்கு அதிகம் பேச விரும்புகிறோம். நெருக்கமான குடிசைகளிலும் முகாம்களிலும் வாழ்ந்த எமது குடும்பங்களுக்கு அது புதியதல்ல.

சூடடிக்கும் களத்தில் தூசுக்கு வாயைக் கட்டுகிறோம் அல்லவா? அங்கே துணி, கட்டியவரையே காக்கிறது. காசநோயில் அந்தக் கணக்குச் சரிவராது. நோயாளி இருமும்போது பறக்கும் நுண்துளிகள் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி, மூடிய அறையில் மணிக்கணக்காக மிதக்கும். புறப்படும் இடத்திலேயே அவற்றைப் பிடிப்பதுதான் இலகு. ஆகவே சாதாரண நீலக் கவசத்தை முதலில் நோயாளியே அணியவேண்டும். பார்க்கப் போகிறவர் அதே கவசத்தை அணிந்தால், கன்னத்தோரத்து இடைவெளியால் துகள் உள்ளே போய்விடும். அவருக்கு முகத்தோடு இறுக ஒட்டும் ‘என் 95’ கவசமே பொருத்தம். மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டால் எந்தக் கவசமும் வெறும் துணிதான்.

கவசத்தைவிட மலிவானது காற்று. சோளகம் மணலை அள்ளி வருகிறதென்று தகரக் கொட்டிலின் ஒவ்வொரு துவாரத்தையும் சாக்கால் அடைத்துவிடுகிறோம். மணல் வராது, துகளும் போகாது! ஒரு பக்கத்தை அடைத்தாலும் மறுபக்கத்தைத் திறந்து விடுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். தாளில் பன்னிரண்டுக்கும் அடையாளமிட்ட ஒரு பெண்பிள்ளை, மருந்து தொடங்கி நான்கே நாளான ஒரு காசநோயாளியின் வீட்டுக்குப் போனார். நோயாளி அவருடைய பெரியப்பா. படலையடியில் நின்று கவசத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே உள்ளே போனார். ஏன் என்று கேட்டோம். “அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர். மூக்கை மூடிக்கொண்டு முன்னுக்குப் போய் நின்றால் அவருக்கு மனம் நோகாதா?” என்றார். எமக்கு உடனே பதில் வரவில்லை. நோய் பரவும் வழியைப் படிப்பித்தோமே தவிர, உறவுக்காரரின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று படிப்பிக்கவில்லை.

வீட்டார் மறுகரைக்குப் போயிருந்தனர். அவரைத் தோட்டத்துக் கொட்டிலில் தனியே விடலாமா என்று கேட்டனர். அவர்களுக்குச் சென்னையில் நடந்ததைச் சொன்னோம். அங்கே 1956இல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஏறத்தாழ 190 காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் சனற்றோரியத்திலும், மற்றவர்கள் தமது ஏழை வீடுகளிலும் ஒரே மருந்தை ஓராண்டு எடுத்தனர். குணமடைவதில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. தொற்றுவது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்னரே தொற்றிவிடுகிறது. ஆகவே ஒளித்து வைத்த இருமலுக்கே பயப்படவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிப்பியுங்கள். அரசாங்கத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். வழமையான மருந்து ஆறு மாதம். சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால், அடுத்த முறை அந்த மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகலாம். வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் காட்டவேண்டும். அவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு.

அந்தப் பிள்ளை மறுகிழமை கவசத்தோடு போனார். கையில் இன்னொன்றும் இருந்தது. “பெரியப்பா, உங்களிடமிருந்து எனக்கு வராமல் இது. என்னிடமிருக்கிற தடிமன் உங்களுக்கு வராமலும் இதுதான்” என்றாராம். கிழவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு மற்றதை வாங்கிக் கட்டிக்கொண்டு, பேரனை எப்போது மடியில் வைத்திருக்கலாம் என்று கேட்டார். சளிச் சோதனையில் கிருமி இல்லையென்று வந்த பிறகு என்று சொல்லியிருக்கிறோம். அதுவரை அவருடைய கட்டில் விறாந்தையில், வேப்பமரப் பக்கமாகக் கிடக்கிறது.