அக்குளில் கட்டியா? விரலையும் பாருங்கள்

கேள்வி: வயது 36. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். நான்கு நாளாக வலது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கையைத் தூக்கினால் உயிர் போகிறது. போன கத்திரி வெயிலிலும் அதே பக்கம் ஒன்று வந்து, பழுத்து உடைந்தது. பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடச் சொல்கிறார். எனக்கோ புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே இல்லை.
– வாசகி, ராயபுரம்

பதில்: நான்கே நாளில் எழும்பி இப்படி வலிக்கும் கட்டி பெரும்பாலும் கிருமித்தொற்றுதான். மார்பகப் புற்றுநோய் அக்குளுக்குப் பரவினால் வரும் கட்டி பொதுவாகக் கெட்டியாக, வலியின்றி இருக்கும். ஆனாலும் வலியை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் மார்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வலது கையை விரித்துப் பாருங்கள். கெளுத்தி முள் குத்திய இடம், அரிவாள்மனைக் கீறல், நகக்கண் வீக்கம் ஏதாவது உண்டா? கை வழியே நுழையும் கிருமியை அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் மறிக்கின்றன. அப்போது அவை வீங்குவதைத்தான் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோம். மேல்தோல் நிறம் மாறாது. உள்ளே உருண்டை நழுவும். புண் ஆறினால் நெறியும் மெல்ல வடியும். மீன் இருக்கும் இடத்தில் பூனைக்கா பஞ்சம்? குட்டி பிறாண்டி ஒன்றிரண்டு வாரம் கழித்தும் நெறி கட்டலாம்.

தோலே சிவந்து, சுட்டு, நடுவில் முனை தெரிந்தால் அது மயிர்க்காலில் வந்த சீழ்க்கட்டி. போன கோடையில் உடைந்தது அதுவாக இருக்கலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 10 நிமிடம், தினம் மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுங்கள். பிதுக்காதீர்கள், ஆறும்வரை ரேசர் வேண்டாம். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அக்குளின் மெல்லிய தோலை அது வெந்துபோகச் செய்யும். சீழ் கோத்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, கீறித்தான் எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு இரண்டு நாள் ஆன்டிபயாடிக் போடுவது எதற்கும் உதவாது.

சீழ் வடியும்போது மீன் வெட்டாதீர்கள். சீழில் உள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் மீனில் பெருகி உண்டாக்கும் நச்சு, குழம்பு கொதித்தாலும் அழியாது.

திரும்ப வருவதால் சர்க்கரை சோதித்துவிடுங்கள். இரு அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாறி மாறி வந்து தழும்பும் துளையும் விட்டுப்போனால், அது ஹைட்ரடினைட்டிஸ் சப்புரேட்டிவா என்ற நோயாக இருக்கலாம். அது சுத்தக்குறைவால் வருவதல்ல. தோல் மருத்துவர் பார்க்க வேண்டியது. மூன்று வாரமாகியும் கட்டி குறையாமல், சாயங்காலக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் காசநோய்ச் சோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம்.

ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். நாளைக் காலை அறுவைசிகிச்சைப் புறநோயாளி பிரிவில் காட்டுங்கள். குளிர் காய்ச்சல் வந்தாலோ, கையில் சிவப்புக் கோடு மேலேறினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.