ஆற்றுமணலும் கமநிலமும்

ஆற்றுப்படுக்கையிற் கிடக்கும் மணல் வீட்டுக் கட்டிடத்துக்கன்றி வேறெதற்கும் உதவாதென எண்ணுவோர் பலர். உண்மையில் அது கமக்காரரின் நிலக்கீழ்க் குளமாகும். 100 கன அடி கொண்ட ஒரு கியூப் மணலில், மணிகளுக்கிடையே ஏறக்குறைய 30 கன அடி வெற்றிடம் உண்டு. மாரியில் ஆறு பெருகும்போது இவ்விடம் நீரால் நிரம்புகின்றது. கோடையில் மேலோட்டம் நின்றபின்பும், வெயில் எளிதில் உறிஞ்சாதவாறு மணல் அந்நீரை மூடிக் காக்கின்றது. ஆடி, ஆவணியில் வறண்டு தோன்றும் ஆற்றிலும் பூவல் தோண்டினால் நீர் ஊறுவது இதனாலேயே.

கரையோரக் கிணற்றின் நீர்மட்டம் ஆற்றின் நீர்மட்டத்தோடு தொடர்புடையது. படுக்கையை ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் கிணற்று நீர் அப்பள்ளத்தை நோக்கி வடியும். சிறுபோக மரக்கறிக்கு நீர் இறைக்கும் கமக்காரர், மழை குறைந்ததென வானத்தை நோவார், குறைந்தது மணலாயிருக்கலாம். அள்ளிய மணல் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடும் என்பாரும் உளர். மலைப்பாறைகள் தேய்ந்து மணலாவதற்கு நெடுங்காலம் செல்லும். வருகின்ற மணலிலும் பெரும்பகுதியை மேலேயுள்ள குளங்களும் அணைகளும் மறித்துவிடுகின்றன.

தெதுறு ஓயா, மா ஓயா ஆகியவற்றின் கீழ்ப்பகுதிகளில் இதன் விளைவைக் காணலாம். அங்கே அளவுக்கு மிஞ்சி மணல் அகழப்பட்டதால் படுக்கை தாழ்ந்தது, கரைகள் இடிந்தன, அயற்கிணறுகள் வற்றின. முகத்துவாரத்தை அடுத்த படுக்கை கடல்மட்டத்துக்குக் கீழே தாழும்போது, கோடையில் உவர்நீர் ஆற்றுவழியே உள்நோக்கி ஏறும். அந்நீரை இறைத்தால் முதலில் வருந்துவது போஞ்சி, அடுத்து மிளகாய். இலைநுனி கருகுதல் இதன் அறிகுறியாகும். பீற்றூட் ஓரளவு தாங்கும். நெல்லோ நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரைப் பொறுக்காது.

ஒரிடத்தில் வெட்டிய பள்ளம் அவ்விடத்திலேயே நிற்பதன்று. வெள்ளம் பள்ளத்தில் விழும்போது அதன் மேல்விளிம்பை அரித்து, அரிப்பு மேலாற்றை நோக்கி நகரும். எனவே அணைக்கட்டுக்குக் கீழே அகழ்வது அதன் அத்திவாரத்துக்கே கேடு. அருவியாற்றின் தேக்கம் அணைக்கட்டினால் திருப்பப்படும் நீரே கட்டுக்கரைக்குளத்தை நிரப்புகின்றது. இத்தகைய ஓர் அணை பழுதுற்றால் எத்தனை வயல்கள் தரிசாகும் என்பதைக் கமக்காரரே கணக்கிடலாம். அணையின்றி ஆற்றிலிருந்து நேரே நீர் பெறும் வாய்க்கால்களில், படுக்கை தாழ்ந்தால் வாய்க்கால்வாய் மேலே நின்றுவிடும், நீர் ஏறாது.

கரையை வேரால் இறுகப் பிடித்து நிற்பவை மருதமரங்கள். அடிமண் பறிபோனால் அவையும் சாயும். செங்குத்தான கரைகளில் வளைதோண்டி மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் குஞ்சு பொரிக்கின்றன. இவற்றுள் பஞ்சுருட்டான் பறக்கும் பூச்சிகளை உண்பது; தேனீயையும் விடாது என்பது மெய்யே, எனினும் வயலுக்கு அதனால் நன்மையே மிகுதி. முதலையும் ஆமையும் முட்டையிடக் கரைமணலை நாடுகின்றன. கோடையில் யானை காலாலும் துதிக்கையாலும் மணலைத் தோண்டி நீரருந்தும். அங்கே நீரற்றுப்போனால் அது ஊர்க்குளத்துக்கும், குளத்தையடுத்த தோட்டத்துக்கும் வரக்கூடும்.

மணல் ஏற்றும் உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் வெளியாருடையவை அல்ல; நம்மூரவருடையவையே. வரம்பை உடைத்து வழிகொடுப்பவரும் நம்மவரே. ஒருநாட் கூலிக்காக அயலவரின் கிணற்றை விற்பது போன்றது இது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மணல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதியின்றி அகழ்வதைக் கண்டால், கமக்காரர் அமைப்பின் மூலம் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவும். வெறும் முறைப்பாட்டிலும் அளவுக் குறிப்புக்கு வலு அதிகம். ஆகவே ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சாக இட்டு, நுனியிற் கல்லைக் கட்டி, மாதந்தோறும் ஒரே நாளில், காலையில் நீர் இறைக்குமுன், கிணற்று விளிம்பிலிருந்து நீர்வரையுள்ள ஆழத்தை அளந்து திகதியுடன் குறித்து வைக்கவும். இலைநுனி கருகினால், கழுவிய போத்தலில் கிணற்று நீரை நிரப்பி, உவர்ச் சோதனைக்காக விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கவும்.