மோரோவிண்டுக்குத் திரும்பும் வழி

பெதஸ்தா நிறுவனத்தின் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மோரோவிண்ட்’ கணினிக்கு வந்தது 2002 மே மாதம். கல்லூரி நாட்களில் அதை ஆடியவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். ஆசையாக மறுபடி நிறுவி, இரண்டாம் நாளே மூடிவிடுவதும் நடக்கிறது. அம்புக்குறி வழிகாட்டும் இன்றைய ஆட்டங்களின் வேகத்தில் இதையும் ஆடப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். கதை நடக்கும் வார்டன்ஃபெல் தீவு நிதானமாக நடப்பவருக்காகக் கட்டப்பட்டது. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த நிதானத்தைக் காப்பதற்கே.

முதல் வேலை, ஆட்டத்தைச் சீராக ஓடவைப்பது. ஸ்டீம், ஜிஓஜி இரண்டிலும் ‘டிரைபியூனல்’, ‘பிளட்மூன்’ என்ற இரு விரிவாக்கங்களோடு இது விற்பனைக்கு இருக்கிறது. வாங்கி நிறுவிய பிறகு, ஆர்வலர்கள் புதிதாக எழுதிய ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச இயந்திரத்தையும் இறக்கிக்கொள்ள வேண்டும். அது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அசல் ஆட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும், மற்றதை அதன் நிறுவல் உதவியே பார்த்துக்கொள்ளும். அமைப்புகளில் எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டிவைப்பது நல்லது. படிக்க நிறைய இருக்கிறது.

அடுத்து வருவது ஒரு சபலம். ஆர்வலர்கள் செய்த மாற்றங்களான மோட்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. புதிய முகங்கள், புதிய மரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை காட்சி. பிழைகளை மட்டும் திருத்தும் ‘பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ்’ ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம். பார்வைத் தூரத்தை எல்லைவரை கூட்டவே கூடாது. அசல் ஆட்டத்தில் மூடுபனி சிறிது தூரத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் மறைத்தது. அதனால்தான் தீவு அவ்வளவு பெரிதாகத் தோன்றியது. பனியை விலக்கிவிட்டால் ஆட்டம் தொடங்கும் சேய்டா நீன் கிராமத்துக்கு வெளியே நின்றபடியே தொலைநகரங்களின் கோபுரங்களைப் பார்த்துவிடலாம். தேடிப் போக என்ன மிச்சம் இருக்கும்?

பழைய சேவ் கோப்பு கையில் இருந்தாலும் அதைத் தொடராமல் இருப்பதே மேல். நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகக் குவிந்திருக்கும் பாதி வேலைகளில் எது யாருக்காக என்று யாருக்கும் நினைவிருக்காது. கைதியாகக் கப்பலில் வந்து இறங்குவதிலிருந்து மறுபடி தொடங்கட்டும்.

கேரக்டரை அமைக்கும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்த ஆட்டத்தில் வாள் எதிரியின் மேல் பட்டதுபோலத் தெரிந்தாலும் அடி விழுந்ததா என்பதைக் கணக்கே முடிவுசெய்கிறது. ஆயுதத் திறன், அதோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகையைக் களைப்பின் அளவு பெருக்குகிறது. தெம்பைக் காட்டும் பச்சைக்கோடு நிரம்பியிருந்தால் 1.25 மடங்கு, காலியானால் 0.75 மடங்கு. போர்ப் பிரிவைத் தேர்ந்து, நீள்வாளை முதன்மைத் திறனாக வைத்த ரெட்கார்ட் இனத்தவர் 50 புள்ளிகளோடு தொடங்குவார். சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் 40 என்றால், எதிரி விலகும் திறனைக் கழிக்கும் முன் அவர் வீச்சு படும் வாய்ப்பு ஏறக்குறைய 77 சதவீதம். ஓடி ஓடிக் களைத்தபின் அதே ஆள் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடுவார். இனமும் பிரிவும் கூட்டாத, தேர்ந்தெடுக்காத ஆயுதத்தின் திறன் வெறும் 5 என்ற அளவிலேயே நிற்கும். ஓய்ந்த கையோடு அதை வீசினால் எட்டில் ஒன்றுதான் படும். ஆகவே ஒரே ஆயுதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சண்டைக்கு முன் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. ஆட்டம் தொடங்கும் சுங்க அலுவலகத்தில் முதலில் கிடைப்பது குறுங்கத்தி என்பதால் நீள்வாள்காரருக்கு அது உதவாது. “இந்த ஆட்டத்தில் சண்டையே சரியில்லை” என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துபோகும்.

வழி கேட்பதும் அப்படியே. பால்மோரா நகரில் ஹாஸ்பாட் அன்டபோலிஸ் என்பவர் ஒரு புதிர்ப்பெட்டி கேட்டு ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டுக்கு அனுப்பும்போது வழிகாட்டும் அம்புக்குறி எதுவும் தோன்றாது. மூன்மோத் கோட்டை, எரிமலைப் பள்ளத்தின் மேலுள்ள பழைய பாலம் என்று வாயால்தான் வழி சொல்வார். ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வது பெரிய உதவி. அங்கே பாறைக்கதவு தானாகத் திறக்காது. அருகிலுள்ள குழாயின் திருகுபிடியைத் திருப்ப வேண்டும். அந்தப் புதிர்ப்பெட்டி மிகச் சிறியது, இருட்டில் கண்ணுக்குத் தப்பிவிடும். உள்ளே ஒவ்வொரு அறையையும் விளக்கோடு பார்த்துவிட்டே வெளியேற வேண்டும்.

தூரப் பயணத்துக்குக் குறுக்குவழிகள் உண்டு, ஆனால் அவையும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சி, படகு, மந்திரவாதிகள் சங்கத்தின் வழிகாட்டி. ‘மார்க்’, ‘ரீகால்’ மந்திரங்களைச் சீக்கிரம் கற்றுக்கொண்டால் திரும்பும் நடை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. டிரைபியூனல் இணைந்திருந்தால், ஆரம்ப லெவல்களிலேயே தூக்கத்தில் கொலையாளிகள் தாக்குவார்கள். அவர்களை வீழ்த்தினால் கிடைக்கும் விலையுயர்ந்த கவசமோ காசுத் தட்டுப்பாட்டை ஒரேயடியாகப் போக்கி, ஆரம்பத்தின் ருசியைக் கெடுத்துவிடும். ஓபன்எம்டபிள்யூ லாஞ்சரில் அந்த விரிவாக்கத்தின் டிக்கையும் அதைச் சார்ந்த மோட்களின் டிக்கையும் எடுத்துவிட்டுத் தொடங்கினால் தொல்லை இல்லை.

கைதியிடம் கொடுத்த பொட்டலத்தைப் பால்மோராவிலுள்ள கேயஸ் கொசேடஸிடம் சேர்த்ததும், முதலில் ஏதாவது சங்கத்தில் சேர்ந்து அனுபவம் தேடச் சொல்வார் அவர். முன்பு அவசரத்தில் அந்தப் பேச்சைத் தாண்டிப் போனவர் இந்த முறை அதைக் கேட்கலாம். போர்வீரர் சங்கமும் மந்திரவாதிகள் சங்கமும் அதே பால்மோராவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள். கேரக்டர் நன்றாக வலுத்தபின் டிரைபியூனலைச் சேர்த்துக்கொண்டால் போதும். பிளட்மூனின் பனித்தீவான சோல்ஸ்தைமுக்குக் கூல் என்ற வடக்குத் துறையிலிருந்து படகு போகிறது.