வீட்டு மின்சாரமும் அதன் அளவும்

செஞ்சிக் கோட்டையைக் கண்டவர், அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலை மறத்தல் அரிது. அம்மாளிகைக்குக் கோட்டைக்கு வெளியேயிருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. குழாயில் நீர் செல்வதற்கு அழுத்தம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் நீர் ஏறாது; அளவு கடந்தால் குழாய் உடையும். மின்சாரத்தின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே.

கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தும் அழுத்தத்தை மின்னழுத்தம் என்பர். அதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கின்றோம். வீட்டிற்கு வரும் மின்னோட்டம் ஒரே திசையில் செல்வதன்று. முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுவதாகும். ஒரு நொடியில் அஃது எத்தனை முறை இவ்வாறு சென்று மீள்கிறதோ, அவ்வெண்ணே அதிர்வெண் எனப்படும். அதன் அலகு ஹெர்ட்ஸ்.

நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். செஞ்சியில் எரியும் விளக்கிற்கும் தில்லியில் சுழலும் விசிறிக்கும் அளவு ஒன்றே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் வழங்குகிறது. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட்; ஆயினும் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் அதிர்வெண் 50, மேற்குப் பகுதியில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மானிய இயந்திரங்களையும், ஓசாக்கா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கியதன் விளைவு இது. 2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் கிழக்கே மின்சாரம் குறைந்தபொழுது, மேற்கிலிருந்து போதிய அளவு அனுப்ப இவ்வேற்றுமை தடையாயிற்று.

இவ்வேற்றுமை நம் இல்லத்திற்கும் தீங்கு தரக்கூடும். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் ஒருவர், 120 வோல்ட்டிற்கென அமைந்த 1000 வாட் சலவைப்பெட்டியைக் கொணர்ந்தார் என்று கொள்வோம். அதனை நம் வீட்டில் அப்படியே பொருத்தினால் யாது நேரும்? அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதனால் ஓட்டமும் இரு மடங்காகிறது. ஆகவே, வெப்பம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கம்பிச்சுருள் எரிந்துபோம்; தீப்பற்றவும் கூடும்.

மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தைக் குறைக்கலாம். ஆனால், அந்த மின்மாற்றி கருவியின் வாட் அளவைத் தாங்க வல்லதாக இருத்தல் வேண்டும். மேலும், மின்மாற்றி அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைக் கொண்டே காலத்தைக் கணிக்கும் மின்கடிகாரம், நம் நாட்டில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

அழுத்தம் மிகுதல் போலவே குறைதலும் கேடே. செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் கிணற்று நீரை இறைக்கும் மோட்டார்கள் பல. மின்னழுத்தம் மிகத் தாழும்பொழுது, மோட்டார் தன் சுமையை இழுக்க மிகுதியான மின்னோட்டத்தைக் கவரும். சுருள் சூடேறிக் கருகும். மோட்டார் பழுதானால் வாடுவது உழவனின் பயிரன்றோ?

மாணவர்களே! ஒவ்வொரு மின்கருவியிலும் அதற்குரிய அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். '100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் அக்கருவி நம் நாட்டு மின்சாரத்திற்கு ஏற்றது. '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் நேரே பொருத்தலாகாது. படிக்கக் கற்ற நீங்கள், உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் அதனைப் படித்துச் சொல்லுங்கள். ஒரு வரியைப் படிக்க ஒரு நொடி போதும், அது பொருளைக் காக்கும், உயிரையும் காக்கும்.