கயலும் கன்டெய்னரும்: இலக்கிய மாணவருக்குப் பயனுள்ள குறிப்புகள்

தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டுமே 35 என்று வகுக்கிறது. பட்டியலை நெட்டுருப் போட்டால் தேர்வோடு மறந்துபோகும். சென்னையின் ராயபுரத்திலும் எண்ணூரிலும் கண்ணில் படுவதை வைத்துப் பழகிப் பாருங்கள்.

1. உவமைத்தொகையா, உருவகமா என்று குழம்பினால் எந்தச் சொல் முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். 'கயல்விழி'யில் மீன் முந்துகிறது, உவமைத்தொகை. 'விழிக்கயல்' என்றால் கண் முந்திவிட்டது, உருவகம். (கயல் நன்னீர் மீன். காசிமேட்டுக் கடல்மீன் ஏலத்தில் தேடாதீர்கள்.)

2. 'போல' வந்தால் உவமை என்பது பாதி விடைதான். எதில் ஒப்புமை என்றும் எழுத வேண்டும். தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்கு சொல்கிறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை ரயிலுக்கு ஒப்பிட்டால் அது மெய்யுவமம். நகராததால் வினையுவமம் ஆகாது!

3. தற்குறிப்பேற்றம் கேட்டால், தானாக நடப்பது எது, கவிஞர் ஏற்றியது எது என்று பென்சிலால் தனித்தனியே கோடிடுங்கள். 'துறைமுகத்தின் மேலுள்ள கோபத்தில் திருவொற்றியூர் அலைகள் கல்லில் மோதுகின்றன' என்று எழுதினால், மோதுவது இயல்பு, கோபம் ஏற்றியது. ஆனால் இந்தக் கரையில் ஒரு சிக்கல் உண்டு. வடக்கு நோக்கி நகரும் கடல் மணலைச் சென்னைத் துறைமுகம் மறித்தது. அதனால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது, தூண்டில் வளைவுகள் போட வேண்டி வந்தது. ஆக, 'துறைமுகத்தால் கரை போயிற்று' என்பது யாரும் ஏற்றிய குறிப்பல்ல, மெய்யான காரணம். அதை அழகுபடச் சொன்னால் ஏது அணி. கோபம் தற்குறிப்பேற்றத்துக்கு, மணல் ஏதுவுக்கு.

4. ஏதுவிலும் இரண்டு உண்டு. உண்டாக்குவது காரகம், அறிவிப்பது ஞாபகம். மணல் மறிபட்டது கரை அரிக்கக் காரக ஏது. எண்ணூர்க் கழிமுகத்தில் இழுத்த வலையில் சாம்பல் சேறு அப்பியிருந்தால், அனல்மின் நிலையச் சாம்பல் நீரில் கலந்ததை அது காட்டிக்கொடுக்கிறது. அது ஞாபக ஏது.

5. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் வந்தால் செம்மொழிச் சிலேடை: 'மாலை வந்ததும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதி களைகட்டியது.' பொழுதும் ஆகலாம், பூவும் ஆகலாம். பிரித்தால்தான் வரும் என்றால் பிரிமொழிச் சிலேடை: 'படகு கட்டப் பலகை வேண்டும்.' மரமும் தேவை, ஆளும் தேவை.

6. நிரல்நிறைக்கு: 'வஞ்சிரமும் நெத்திலியும் வறுவலுக்கும் குழம்புக்கும்.' எதிர்நிரல்நிறை என்று கொண்டால் நெத்திலி வறுவலாகும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

7. 'இந்த மீன்கார ஆயாவுக்குக் கணக்கே தெரியாது, ஒரு கூறு கேட்டால் ஒன்றரைக் கூறு அள்ளிப் போடும்.' பழிப்பது போலப் புகழ்தல், அதாவது வஞ்சப்புகழ்ச்சி. தண்டியில் வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயரில் தேடாதீர்கள், இலேச அணிக்குள் இருக்கிறது.

8. அந்தாதி பழக, பட்டினத்தார் பாடிய 'திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது' கையில் இருக்கட்டும். பதினோராம் திருமுறையில் உள்ளது. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்தது தொடங்கும். அவர் சமாதியும் திருவொற்றியூர்க் கடற்கரையில்தான்.

9. உள்ளுறை உவமத்துக்குக் கருப்பொருள்தான் களம். அதில் தெய்வத்தை மட்டும் தொல்காப்பியர் விலக்கிவிடுகிறார். ஒரு மதிப்பெண் கேள்விக்கு உதவும்.

10. கட்டளைக் கலித்துறையா என்று சந்தேகம் வந்தால் புள்ளி எழுத்துகளை விட்டுவிட்டு ஓர் அடியை எண்ணுங்கள். நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17. வள்ளலாரின் 'வடிவுடை மாணிக்கமாலை' இந்த யாப்புதான். வடிவுடையம்மன் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து விரல்விட்டே எண்ணிவிடலாம்.