எழுத்து வராத பிள்ளைக்கு அறிவும் இல்லையா?

"இவனுக்குப் படிப்பு ஏறாது. பேசாம கொழும்புல ஒரு கடைக்கு அனுப்பிறலாம்." நமது தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஏழாம், எட்டாம் தரத்துக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளைத்தான் இப்படிச் சொல்லுகிறோம். ஆனால் அதே பிள்ளை, பாடத்தை வாயால் சொன்னால் விளங்கிக்கொள்கிறது. கடைக் கணக்கை மனதிலேயே போடுகிறது. அப்படியானால் மண்டையில் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

இது என்ன?

இதற்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பு இடர்பாடு என்று பெயர். 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். பையன் கெட்டிக்காரன், கண்ணிலும் குறையில்லை. ஆனால் சின்னச் சொற்களைக்கூட வாசிக்க வரவில்லை. வாய்மொழியாகவே பாடம் நடத்தினால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் முதல் ஆள் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

சத்தத்தையும் எழுத்தையும் சேர்க்கும் வேலையை இப்பிள்ளைகளின் மூளை வேறு விதமாகச் செய்கிறது. இது பிறவியிலேயே வருவது. ஒரே குடும்பத்தில் பலருக்கும் இருக்கலாம். இது சோம்பலும் இல்ல, செய்வினையும் இல்ல, தாய் வளர்த்த பிழையும் இல்ல. அடித்தால் மாறாது, இதற்கென்று மாத்திரையும் கிடையாது. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் முன்னேற்றம் உண்டு.

தமிழில் ல, ள, ழ என்றும் ன, ண என்றும் இப்பிள்ளைகள் தடுமாறலாம். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் சத்தமோ பின்னால் வருகிறது. இதுவும் குழப்பும்.

வகுப்பறையில்

1. எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது.
2. கரும்பலகையைப் பார்த்து எழுதக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.
3. விடையை வாயால் சொல்ல விட வேண்டும். விஞ்ஞான, வரலாற்று விடைகளில் எழுத்துப் பிழைக்காகப் புள்ளி குறைக்காமல் இருப்பது நல்லது.
4. தினமும் கொஞ்ச நேரம் சத்தத்தையும் எழுத்தையும் அடியிலிருந்து படிப்படியாகப் பழக்க வேண்டும்.

வீட்டில்

அண்ணனோ அக்காவோ பாடத்தை வாசித்துக் காட்டலாம். போனில் பதிவு செய்தும் கேட்கலாம். தாய் தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாட்டியும் பரவாயில்லை. "இன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். தங்கச்சியோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

யாரிடம் போவது?

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கண்ணையும் காதையும் காட்டுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் பேசுங்கள். அவர்கள் மூலம் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை அணுகலாம். சாதாரண தரப் பரீட்சையில், விசேட தேவையுள்ளவர்களுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் உண்டு. இதைப் பாடசாலை மூலம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓட வேண்டாம். பத்தாம் தரத்திலேயே விசாரியுங்கள்.

2016 முதல் இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். எழுத்து வரவில்லை என்று எட்டாம் தரத்தோடு பிள்ளையை நிறுத்துவது சட்டத்துக்கும் விரோதம்.

பாடசாலைக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் போய், "என் பிள்ளைக்குச் சொன்னா விளங்குது, வாசிக்கத்தான் வரல, என்ன செய்யலாம்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.