ஒரு டிராயிங்கின் பின்னால் நடந்து பாருங்கள்

"நம்மகிட்ட என்னங்க ரகசியம் இருக்குது? ஒரு புஷ், நாலு பிராக்கெட். இதை வச்சு எவன் என்ன பண்ணப் போறான்?"

கோவையில் ராணுவத் தளவாட ஆர்டர் எடுக்கும் சிறு பட்டறைகளுக்குக் கணினி வேலையாகப் போகும்போதெல்லாம் முதலில் இந்தக் கேள்விதான் வரும். பதிலுக்கு நான் ஆஸ்திரேலியக் கதை ஒன்றைச் சொல்வேன். அங்கே சுமார் 50 பேர் வேலை பார்த்த ஒரு விமானப் பொறியியல் கம்பெனி. பெரிய கம்பெனிக்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று என்று நாலாவது அடுக்கில் இருந்த சப்-கான்ட்ராக்டர். கணினிக்கென்று இருந்தது ஒரே ஆள். 2016-இல் ஒருவன் அதற்குள் புகுந்து, மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து, சுமார் 30 ஜிபி கோப்புகளை அள்ளிக்கொண்டு போனான். எஃப்-35 போர் விமானம், பி-8 கண்காணிப்பு விமானம், சி-130 சரக்கு விமானம் பற்றிய கோப்புகளெல்லாம் அதில் இருந்தன. இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த சேவைகளில் 'அட்மின்' என்ற பெயருக்கு 'அட்மின்' என்பதே பாஸ்வேர்டாக இருந்தது. 'கெஸ்ட்' என்பதற்கு 'கெஸ்ட்'. போனவற்றில் எதுவும் ரகசிய முத்திரை குத்தியது கிடையாது என்று அந்த நாட்டு அரசு சொன்னது. முத்திரை இல்லாத கோப்புக்காகத்தான் அவன் அத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறான்.

2019 ஜனவரியில் திருச்சியில் வைத்துத் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழித் திட்டத்தைத் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்த திட்டம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஏற்கெனவே உண்டு. இவற்றைச் சுற்றி 20, 30 பேர் வேலை செய்யும் பட்டறைகளின் கைக்கெல்லாம் டிராயிங் வருகிறது. அந்தப் பட்டறைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாதுகாப்பு என்றதும் ஃபயர்வால் என்ன விலை என்று விசாரிக்கக் கிளம்பிவிட வேண்டாம். வாங்குவது கடைசியில்.

முதல் வேலை: நடப்பது

ஒரு நாள் காலையில் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பாகத்தின் டிராயிங்கைத் தேர்ந்தெடுத்து, அது மெயிலில் வந்த நிமிஷத்திலிருந்து பாகம் வண்டி ஏறும் வரை போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போங்கள். எங்கெல்லாம் அதன் நகல் தங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள்.

கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் இப்படி நடந்தபோது பதினோரு கோடு விழுந்தது. முதலாளியின் மெயில், அவர் செல்போன், ஆபீஸ் கம்ப்யூட்டரின் 'டவுன்லோட்ஸ்', புரோகிராமரின் மடிக்கணினி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பெண்டிரைவ், வி.எம்.சி. மெஷின் பக்கத்தில் கிளிப்பில் மாட்டிய பேப்பர், குவாலிட்டி மேசையில் இன்னொரு பேப்பர், வாட்ஸ்அப் குரூப், ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்காரரின் போன், பிளேட்டிங் கடைக்காரரின் போன். பதினொன்றாவது செட்டர் தம்பியின் போனில் இருந்தது. ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"பேப்பர்ல கூலண்ட் பட்டு டைமென்ஷனே தெரியலீங்கண்ணா. ஒவ்வொருக்கா ஆபீசுக்கு ஓடவா முடியும்? அதான் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேனுங்க."

அவன் மேல் தப்பு சொல்ல முடியுமா? பட்டறையிலிருந்து கசிவதில் பெரும்பகுதி இப்படி வேலை நடக்க வேண்டுமே என்று செய்ததுதான். ஒவ்வொரு கோட்டுக்கு எதிரேயும் அந்த நகல் ஏன் தேவைப்பட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். தேவையை வேறு வழியில் தீர்க்காமல் 'போன் கொண்டு வரக் கூடாது' என்று போர்டு மாட்டினால் போர்டு தொங்கும், போட்டோவும் எடுக்கப்படும்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஆர்டர் கொடுத்தவரின் பி.ஓ.வில் விலையும் தேதியும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் வழக்கம். பின்பக்கத்துப் பொடி எழுத்தில், டிராயிங்கை யாருக்குக் காட்டலாம், வெளியே ஜாப் ஒர்க் கொடுக்க அனுமதி வாங்க வேண்டுமா, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டுமா என்றெல்லாம் இருக்கும். தொழில் உரிமம் பெற்ற தளவாடக் கம்பெனிகளுக்கு மத்திய அரசின் பாதுகாப்பு உற்பத்தித் துறை 2014-இல் ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. தயாரிக்கும் பொருளைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்று வகை. உங்கள் பட்டறைக்கு உரிமமே தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வேலை கொடுப்பவருக்கு அந்தக் கையேடு பொருந்தும்போது அதன் சுமையில் ஒரு பங்கை ஒப்பந்தத்தின் வழியாக உங்கள் தலையிலும் ஏற்றுவார். அமெரிக்கக் கம்பெனியின் வேலை என்றால் 110 நிபந்தனைகள் கொண்ட ஒரு பட்டியலே வந்து நிற்கும்.

1923-ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். விற்றால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். நம்பி ஒப்படைத்த ரகசிய ஆவணத்தை அஜாக்கிரதையாக வைத்திருந்தாலும் அந்தச் சட்டத்தில் பிடி உண்டு. வரைபடம் மட்டுமின்றி மாதிரிப் பொருளும் அதற்குள் வரும்.

டிராயிங்குக்கு ஒரே வீடு

இனி பதினொன்றைக் குறைக்கலாம். ஆபீசில் ஒரு சர்வர், அல்லது நெட்வொர்க்கில் மாட்டும் சின்ன சேமிப்புப் பெட்டி போதும். டிராயிங் அங்கே மட்டும் இருக்கட்டும். புரோகிராமருக்கு ஒரு ஃபோல்டர், குவாலிட்டிக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு எதுவும் வேண்டாம். மடிக்கணினி வெளியே போகும் என்றால் அதில் விண்டோஸ் புரோ போட்டு பிட்லாக்கரை ஆன் செய்துவிடுங்கள். பஸ்ஸில் தொலைந்தாலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க முடியாது. அதைத் திறக்கும் நீண்ட எண்ணை அதே மடிக்கணினிப் பையில் எழுதி வைக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

ஷாப் ஃப்ளோருக்குப் பேப்பர் வேண்டும், சரி. ஒவ்வொரு பிரிண்டிலும் நகல் எண், தேதி, வாங்குபவர் பெயர் போட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுங்கள். கணபதிப் பட்டறையில் செட்டர் போட்டோ எடுப்பதை நிறுத்தியது அந்த உறைதான். ஷிஃப்ட் முடிந்ததும் பேப்பர் பெட்டிக்குத் திரும்பும். வேலை முடிந்த பிரிண்ட், கிழிக்கும் மெஷினுக்குப் போகட்டும். டீக்கடை வடைக்கு அடியில் டைட்டில் பிளாக்கைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

வெளி ஜாப் ஒர்க்கில்தான் முழு டிராயிங் சும்மா சும்மா போகிறது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவருக்கு எதெது தெரிய வேண்டும்? மெட்டீரியல் கிரேடு, எத்தனை ஹார்ட்னெஸ், கேஸ் டெப்த், எந்த முகத்தில் கோணல் வரக் கூடாது. இதை ஒரு அரைப் பக்கத்தில் உங்கள் பட்டறையின் சொந்த எண்ணோடு எழுதி டெலிவரி சலானுடன் பின் செய்துவிடலாம். பாகத்தின் பெயர், எந்த வண்டிக்கு, யாருக்கு என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத சங்கதி. இந்த அரைப் பக்கத்தை ஒருமுறை தயாரித்துவிட்டால் அடுத்தடுத்த லாட்டுக்கும் அதுவே ஓடும். வாட்ஸ்அப்பில் டிராயிங் அனுப்பும் பழக்கமும் தானாக உதிரும்.

மெஷின்களைத் தனியாக வையுங்கள்

பதினைந்து வருஷத்து வி.எம்.சி.யின் கண்ட்ரோலுக்குள் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு பராமரிப்பை நிறுத்திவிட்டது. அதற்காக அதை மாற்றப் போனால் மெஷினே நின்றுவிடும், கை வைக்காதீர்கள். சுற்றி வேலி போடுங்கள். மெஷின்களுக்கென்று தனி ஸ்விட்ச், தனி நெட்வொர்க். இணையம் அங்கே வரவே கூடாது. புரோகிராம் அனுப்பும் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இரண்டுக்கும் நடுவில் வாசல்காரனாக நிற்கட்டும். அதில் மெயிலும் யூடியூபும் கிடையாது. வந்தவர்களுக்குக் கொடுக்கும் வைஃபை முற்றிலும் வேறு லைன்.

அடுத்தது பெண்டிரைவ். ஈரானின் அணு ஆலைக்குள் போய் சென்ட்ரிஃபியூஜ்களைக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு தொடர்பே இல்லாத இடத்துக்கும் பெண்டிரைவ் வழியாகப் போகும்படி எழுதப்பட்டது. 2010-இல் அது வெளியே தெரிந்தது. பட்டறைக்கென்று எண் போட்ட இரண்டே பெண்டிரைவ் போதும். வெளியிலிருந்து வருவதை எந்த நெட்வொர்க்கிலும் சேராத ஒரு பழைய கம்ப்யூட்டரில் செருகி, ஸ்கேன் செய்து, தேவையான கோப்பை மட்டும் நம் டிரைவில் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பழைய கம்ப்யூட்டரின் வைரஸ் பட்டியலை வாரம் ஒருமுறை கையால் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

சர்வீஸ் இன்ஜினியர் வரும் நாளில் எல்லா விதியும் காற்றில் பறக்கும். மெஷின் நின்றுபோய் முதலாளி தவிக்கும் நேரத்தில் அவருடைய மடிக்கணினி சுத்தமா என்று யார் கேட்பது? 2018 ஆகஸ்ட்டில் தைவானின் சிப் தயாரிப்பாளர் டி.எஸ்.எம்.சி. மாட்டிக்கொண்டது இப்படித்தான். புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். வான்னாக்ரை வகையைச் சேர்ந்த ஒன்று பரவி ஆலைகள் முடங்கின. உலகத்தின் பெரிய தொழிற்சாலைக்கே அந்தக் கதி. ஆகவே கேட்க வேண்டியதை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வீஸ் கம்பெனியிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து இணையம் வழியாகப் பார்க்கிறோம் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் கேபிளைச் செருகி, வேலை முடிந்ததும் பிடுங்கிவிடலாம்.

ஆள், சாவி

'கம்பெனி123' என்று எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால் யார் எதைத் திறந்தார் என்று எந்தக் காலத்திலும் தெரியாது. ஆளுக்கொரு லாகின், மெயிலுக்குப் போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு, ரவுட்டருக்கும் கேமராவுக்கும் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது: இந்த மூன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆள் நின்றால் அன்றைக்கு சாயந்திரமே லாகினை மூடுங்கள். மனஸ்தாபத்தோடு நின்றவர் என்பதால் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டே போனவரின் கணக்குதான் மூன்று வருஷம் திறந்தே கிடக்கும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்தால், மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல் உங்கள் பழைய டைரியில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

பேக்கப்

மூன்று நகல், இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். டிராயிங்கோடு சி.என்.சி. புரோகிராம், டூல் ஆஃப்செட், மெஷின் பாராமீட்டர் எல்லாம் அதில் வர வேண்டும். எப்போதும் கம்ப்யூட்டரோடு மாட்டியே இருக்கும் டிஸ்க்கைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள். பணம் கேட்டுப் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான். வெளியே வைக்கும் டிஸ்க்கும் பிட்லாக்கர் போட்டதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய பாகத்தின் ஃபோல்டரை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

நடந்துவிட்டால்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், ஃபார்மேட் செய்யவே செய்யாதீர்கள். எப்படி வந்தான் என்ற தடயம் அதில்தான் இருக்கிறது. இந்தியாவின் கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி, அது பட்டியலிட்டுள்ள வகைச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். அதே உத்தரவு லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தவும் சொல்கிறது. ரவுட்டர் ஒரு நேரமும் சர்வர் ஒரு நேரமும் காட்டினால், யார் முதலில் எங்கே நுழைந்தான் என்று பிறகு கோக்கவே முடியாது. செர்ட்-இன் எண், ஆர்டர் கொடுத்தவரின் பாதுகாப்பு அலுவலர் எண், பணம் போயிருந்தால் 1930. மூன்றையும் பேப்பரில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். பூட்டிய கம்ப்யூட்டருக்குள் இருந்தால் அந்த நேரத்தில் உதவாது.

ஸ்க்ராப் வண்டி

இதை யாரும் கணினிப் பாதுகாப்பில் சேர்ப்பதில்லை. ஒரு துளை தவறிப்போய் ரிஜெக்ட் ஆன பாகத்தில் மற்ற எல்லா டைமென்ஷனும் சரியாகத்தான் இருக்கும். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்திருக்கிற எவனும் அதிலிருந்து டிராயிங்கைத் திருப்பி வரைந்துவிடுவான். பழைய ஹார்டு டிஸ்க்கைத் துளை போட்டே வெளியே விடுங்கள். வாடகை ஜெராக்ஸ் மெஷினைத் திருப்பும்போது அதன் உள்ளே டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிஜெக்ட் பாகத்தை எண்ணி, ரிஜிஸ்டரில் எழுதி, பேண்ட் சா-வில் இரண்டு மூன்று துண்டாக வெட்டி, அதன் பிறகு எடைக்கு ஏற்றுங்கள். ஸ்க்ராப்காரர் கிலோவுக்குத்தான் காசு தருகிறார். வெட்டியதற்காக விலையைக் குறைக்க மாட்டார்.